எழ மறுத்த கணிப்பொறி

நோயுற்ற மனிதன் தனக்கு வலிக்கும் இடத்தை வாயாற் சொல்வான். கன்று நோயுற்றால் அது தீனி எடாமையைக் கண்டு உழவன் உணர்வான். பொறிக்கோ வாயும் இல்லை; உணர்வும் இல்லை. அது செய்யும் தொழிலும் செய்யாது விடும் தொழிலுமே அதன் மொழியாகும். முற்றும் கெட்டுப்போன பொறியின் மொழியை அறிதல் அத்துணைக் கடினம் அன்று. கெட்டது கெட்டபடியே கிடக்கும். எப்பொழுது சென்று நோக்கினும் அதே குறியைக் காட்டும். ஒரு நாள் ஓடி, மறுநாள் ஓடாது நின்று, மூன்றாம் நாள் யாதும் நிகழாதது போல் மீண்டும் ஓடும் பொறியே பழுது பார்ப்போரைப் பெரிதும் அலைக்கழிப்பது. அத்தகைய பொறி ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அதற்கு முன், மேசைக் கணிப்பொறி எவ்வாறு விழித்தெழுகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். கணிப்பொறியின் பின்புறத்தே, மின்கம்பி வந்து சேரும் இடத்தில், தகரத்தாலான பெட்டி ஒன்று உளது. மின்வழங்கி என்பது அதன் தமிழ்ப் பெயர். கடைத்தெருவில் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்றே வழங்குவர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் கணிப்பொறியின் நுண்ணிய உறுப்புக்கள் தாங்கா. ஆதலின் மின்வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ட் என்னும் சிறிய நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றித் தாய்ப்பலகைக்கு அளிக்கின்றது. மஞ்சட் கம்பி 12 வோல்ட்டையும், சிவப்புக் கம்பி 5 வோல்ட்டையும், செம்மஞ்சட் கம்பி 3.3 வோல்ட்டையும் ஏந்திச் செல்லும். கறுப்புக் கம்பிகள் மின்சாரம் மீளும் வழியாம். இவ்வழுத்தங்கள் குறித்த அளவினின்றும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவும் இறங்கவும் கூடா.

பழைய கணிப்பொறிகளில், முகப்பிலிருந்த விசையே சுவர் மின்சாரத்தை நேரே இணைக்கவும் துண்டிக்கவும் செய்தது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வகுத்த பின்னர் அம்முறை மாறிற்று. இன்று முகப்பிலுள்ள பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. அது வாயிற்கதவைத் தட்டும் கை போன்றது. கதவு தட்டும் ஓசையைக் கேட்டு வீட்டாரை எழுப்பத் திண்ணையில் ஒரு காவலன் விழித்திருத்தல் வேண்டும் அன்றோ? அக்காவலனே ஊதாக் கம்பியில் வரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம். சுவர் விசை போடப்பட்டிருக்கும் வரை, கணிப்பொறி உறங்கும் பொழுதும் இம்மின்சாரம் உறங்காது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியின் நிலைக்கு இறக்குகின்றது. அக்குறிப்பை அறிந்து மின்வழங்கி முழுமையாக எழுகின்றது. அழுத்தங்கள் எல்லாம் நிலைபெற்றபின், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையுள்ள இடைவெளியில், சாம்பல் நிறக் கம்பியின் வழியே 'எல்லாம் நலம்' என்னும் செய்தி செல்லும். அச்செய்தி வரும் வரை கணிப்பொறியின் மூளையாகிய செயலி கட்டுண்டே கிடக்கும். இவ்வரிசையில் ஒரு கண்ணி நழுவினும் பொறி எழாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டில் தமிழகத்தின் ஊர்கள் பலவற்றில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. அக்காலத்தே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் அலுவலகத்தில் கணிப்பொறி ஒன்று இருந்ததாகக் கொள்வோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருந்த 143 மாணவரின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியவை அதனுள் இருந்தன. அப்பட்டியலைப் பிழையின்றி ஒப்புநோக்கி அனுப்ப மூன்று வாரமே எஞ்சியிருந்தது. பட்டியலில் ஒரு பெயர் விடுபடினும் அம்மாணவன் தேர்வெழுத இயலாது தவிப்பான். பிறந்த நாளில் ஓர் இலக்கம் மாறினும் அப்பிழை வாழ்நாள் முழுதும் அவனைத் தொடரும். இதனை நன்கறிந்த எழுத்தர் அம்மையாருக்கு, அப்பொறி சில நாட்காலையில் எழ மறுத்தது பேரச்சத்தை விளைத்தது.

முதலில் ஒரு கடையிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். பொறியின் பக்கத் தகட்டைத் திறந்து, நினைவகப் பலகையாகிய ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினார். பொத்தானை அழுத்தியதும் பொறி எழுந்தது. கூலி பெற்றுச் சென்றார். அடுத்த திங்கட்கிழமை பொறி மீண்டும் படுத்துக்கொண்டது. மீண்டும் வந்த அவர், "தாய்ப்பலகை போய்விட்டது, புதுப்பொறி வாங்குவதே நன்று," என்று கூறிச் சென்றார்.

அவ்வூர்க் கடைத்தெருவில் முதியவர் ஒருவர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தார். குமிழ் வானொலிக் காலத்திலேயே தொழில் பயின்றவர் அவர். கணிப்பொறிகளையும் பின்னாளிற் கற்றுக்கொண்டார். அம்மையார் அவரை அழைத்துவரச் செய்தார். முதியவர் வந்த வேளையில் பொறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சொல்வதை நம்பமாட்டீர்கள், ஐயா. காலையில் பத்து முறை அழுத்தியும் எழவில்லை," என்றார் அம்மையார்.

"நம்பாமல் என்ன, அம்மா! ஓடும்பொழுதே வந்தது நல்லதாயிற்று. முதலில் பட்டியலை வேறிடத்திற் படியெடுத்து வையுங்கள். பழுதைப் பிறகு பார்ப்போம்," என்றார் முதியவர்.

விரல் அளவுள்ள பென்டிரைவ் ஒன்றில் பட்டியல் படியெடுக்கப்பட்டது. மருத்துவத்திற்கு முன் முதலுதவி. பலர் இதனை மறந்து, பொறி ஓடிய மகிழ்ச்சியில் அன்றைய வேலையைத் தொடர்ந்து, மறுநாள் கையைப் பிசைவர்.

"பொறி எப்பொழுது எழுவதில்லை?" என்று முதியவர் வினவினார்.

"சில வேளை, ஐயா. இன்ன நேரம் என்று இல்லை."

முதியவருக்குச் 'சில வேளை' என்னும் சொல் பிடிக்காது. அவர் பழைய வருகைப்பதிவேட்டின் வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து நான்கு கோடு கிழித்தார். நாள், பொத்தானை அழுத்திய நேரம், எத்தனை முறை அழுத்தியபின் எழுந்தது, அதற்குமுன் சுவர் மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்பவற்றை ஒரு வாரம் எழுதிவைக்குமாறு வேண்டினார்.

அன்றே எளிய ஐயங்களையும் அவர் போக்கிக்கொண்டார். சுவரிலுள்ள துளைப்பெட்டியில் மேசை விளக்கைச் செருகி, செருகியை மெல்ல அசைத்துப் பார்த்தார், விளக்கு மினுக்கவில்லை. மின்கம்பியை மாற்றிப் பார்த்தார். மூன்றாம் காலாகிய நிலக்கம்பி உள்ளதா என்றும் நோக்கினார். நிலக்கம்பி இல்லாத இடத்தில் கணிப்பொறியின் தகட்டைத் தொட்டால் விரல் சுருக்கென்னும். பலர் அதனைப் பொறியின் பழுதென மயங்குவர். அங்கே நிலக்கம்பி செவ்வையாக இருந்தது. முகப்புப் பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் இரு மெல்லிய கம்பிகளைக் கழற்றி, அவை பொருந்தியிருந்த இரு ஊசிகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடுத்தார், பொறி எழுந்தது. பொத்தான் வழி எழுப்பினும் அவ்வாறே எழுந்தது. ஆயினும் பொத்தான் குற்றமற்றது என்று அவர் முடிவு கூறவில்லை. நோய் வெளிப்படாத நேரத்தில் செய்த சோதனை பாதிச் சோதனையே என்பது அவர் கருத்து.

ஒரு வாரம் கழிந்தது. தாளில் எழுதியிருந்தவை இவை: திங்கட்கிழமை பத்து முறை அழுத்தியும் எழவில்லை, ஏறத்தாழ நாற்பது நிமிடம் கழித்து எழுந்தது. செவ்வாயும் புதனும் முதல் அழுத்தத்திலேயே எழுந்தது. வியாழன் நண்பகலில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. அதன்பின் நான்கு முறை அழுத்த வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பத்து நிமிட மின்வெட்டுக்குப்பின் உடனே எழுந்தது.

சனிக்கிழமை நண்பகலில் அலுவலகத்தைப் பூட்டும்பொழுது முதன்மை விசையை நிறுத்திவிடுதல் அம்மையாரின் வழக்கம். மற்றை நாட்களில் நிறுத்துவதில்லை. பழைய யூ.பி.எஸ். பெட்டியின் மின்கலம் முன்னரே செத்திருந்தமையால் மின்வெட்டின்போது அதுவும் துணை நிற்கவில்லை. முதியவர் தாளை இருமுறை படித்தார். பின்னர், "கிழமைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அம்மா. குளிர்ந்து கிடந்தால் எழுவதில்லை, சூடாக இருந்தால் எழுகின்றது," என்றார்.

இதனைக் கேட்டதும் முதலில் வந்த இளைஞரின் மருத்துவம் பலித்த காரணமும் விளங்கிற்று. அவர் ரேமைத் துடைத்த அரைமணி நேரமும் பொறி சுவர் மின்சாரத்துடன் இணைந்தே இருந்தது. அவ்வாறு இணைப்பை அகற்றாது பலகையைக் கழற்றுதல் தவறான வழக்கம். பலகைக்கே கேடு செய்யும். எனினும் அவ்வரைமணிக்குள் பொறி தானே சூடேறி எழுந்தது. புகழ் துடைத்த துணிக்குச் சென்றது.

குளிரிற் சோர்ந்து சூட்டில் உயிர்பெறும் உறுப்பு யாது? வானொலித் தொழிலர் கண்டென்சர் என்றும், பாடநூலார் மின்தேக்கி என்றும் கூறும் சிறிய உருளையே அது. ஏற்றத்தில் இறைக்கும் நீர் விட்டுவிட்டே வரும். அந்நீரை ஒரு தொட்டியில் விட்டு வாய்க்கால் வழியே ஓடச்செய்தால், பயிருக்கு ஒரே சீராகப் பாயும். விட்டுவிட்டு வரும் மின்சாரத்தைச் சீராக்கும் தொட்டியே மின்தேக்கி. அவ்வுருளைக்குள் அலுமினியத் தகடும், மின்பகுநீரில் தோய்ந்த தாளும் சுருட்டப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நீர் உலர்கின்றது. உலர்ந்த மின்தேக்கி குறைந்த மின்னூட்டத்தையே கொள்ளும். அதன் உள்தடையும் மிகும். குளிர்ச்சியில் அத்தடை மேலும் கூடும்; சூடேறினாற் குறையும். முதுமையுற்ற மூட்டு காலையில் மடங்காது, சிறிது நடந்தபின் இளகுவதை ஒக்கும் இது.

வெப்பம் பத்துப் பாகை உயருந்தோறும் இவ்வகை மின்தேக்கியின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்குமெனக் குறித்த ஒன்று, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். ஓராண்டுக்கு 8,760 மணி ஆதலின் அது நான்கு ஆண்டும் ஆகாது. பொறி உறங்கும்பொழுதும் உறங்காத காத்திருப்புச் சுற்றின் மின்தேக்கிகள் பிறவற்றிலும் முந்தி முதுமையெய்துதல் வியப்பன்று.

அடுத்த திங்கட்கிழமை, முதன்மை விசையைப் போடுமுன்பே முதியவர் வந்துவிட்டார். உடன் அவரிடம் தொழில் பயிலும் சிறுவனும் வந்திருந்தான். பொறியைத் திறந்து, செயலியைச் சூழ்ந்து நின்ற மின்தேக்கிகளின் தலைகளை முதலில் உற்று நோக்கினார். எல்லாம் தட்டையாக இருந்தன. உப்பலும் இல்லை, பழுப்புக் கசிவும் இல்லை. 1999 முதல் 2007 வரையுள்ள காலத்தில் செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் இத்தலைகள் உப்பி வெடித்தன. நீர் மிகுந்த மின்பகுநீர் அலுமினியத்தைத் தாக்கி நீரகவாயுவைத் தோற்றுவிக்கும். அதனைத் தடுக்கும் பொருளை உரிய முறையிற் சேராத மின்தேக்கிகள் உலகெங்கும் பரவியதே அதற்குக் காரணமெனக் கண்டனர். நீர்மத்தின் செய்முறையைக் களவாடியவர் அதனை முழுமையாகக் களவாடவில்லை என்றொரு செய்தியும் அந்நாளிற் பரவிற்று. உருளைகளின் தலையில் கீறல்போல் உள்ள கோடுகள், வாயு மிகுந்தால் அவ்வழியே பிளந்து வெளியேறுவதற்காக இடப்பட்டவை. இப்பலகையில் அக்குறி ஏதும் இல்லை.

பின்னர் முதியவர் மின்னழுத்தமானியின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை ஊதாக் கம்பியிலும் வைத்து, விசையைப் போடுமாறு சிறுவனிடம் கூறினார். 5 வோல்ட் காட்டவேண்டிய மானி 3.4 காட்டி நடுங்கிற்று. பொத்தானை அழுத்தினர், பொறி எழவில்லை. காவலனே அரைத்தூக்கத்தில் இருந்தான். கதவைத் தட்டிப் பயன் என்ன? காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக மானியின் எண் மெல்ல ஏறிற்று. அரைமணி கழிந்தபின் 4.9 ஆயிற்று. அப்பொழுது ஒரே அழுத்தத்தில் பொறி எழுந்தது. தாய்ப்பலகையின்மேற் சுமத்திய பழி நீங்கிற்று.

ஊக்கம் மிகுந்த சிறுவன் மின்வழங்கியின் திருகுகளைத் திருகத் தொடங்கினான். முதியவர் அவன் மணிக்கட்டைப் பற்றினார்.

"கம்பியைப் பிடுங்கிவிட்டேனே, தாத்தா," என்றான் அவன்.

"பிடுங்கினாலும் அதற்குள் இருக்கிறவன் சாகவில்லை," என்றார் அவர்.

230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் நேர்திசையாக்கப்படும்பொழுது அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட் ஆகின்றது. மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி அவ்வளவு அழுத்தத்தையும் தேக்கிக்கொள்ளும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது வடியாது நிற்றல் கூடும். அதைத் தொட்ட கை எரியும். நெஞ்சும் நிற்றல் கூடும். வெளியே வரும் வண்ணக் கம்பிகளைப் பெரியோர் துணையுடன் அளந்து பார்க்கலாம். தகரப் பெட்டியை மட்டும் மாணவர் எவரும் திறத்தல் ஆகாது. அப்பெட்டியின் மேல் எச்சரிக்கை ஒட்டியிருப்பது அழகுக்காக அன்று.

பழைய மின்வழங்கியைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தினர். பொறி உடனே எழுந்தது. அம்மையார் கை குவித்தார். முதியவரோ கூலியை அப்பொழுது பெறவில்லை. "இன்று இது சூடாகக் கிடந்த பொறி. சனிக்கிழமை வழக்கம்போல் விசையை நிறுத்துங்கள். திங்கட்கிழமை வருகிறேன்," என்று கூறிப் பழைய பெட்டியைத் தம் கடைக்கு எடுத்துச் சென்றார்.

கடையில் அதனை இரு நாள் சும்மா வைத்திருந்து, பின்பு திறந்து, தடையுறுப்பு ஒன்றைக் குறுக்கே இட்டு எஞ்சிய மின்னூட்டத்தை வடித்து, மானியால் அதனையும் உறுதி செய்துகொண்ட பின்னரே உள்ளே கைவைத்தார். பெரிய மின்தேக்கிகள் குற்றமற்றிருந்தன. காத்திருப்புச் சுற்றில், சூடேறும் தகட்டின் அருகே, நிலக்கடலைப் பருப்பு அளவுள்ள ஒன்று நின்றது. அதன் தலை உப்பவில்லை. தோற்றத்தில் புதியது போன்றே இருந்தது. சிறிய உருளைகள் பெரும்பாலும் உப்பாமலே உலர்ந்துவிடும். 47 மைக்ரோஃபாரட் என்று பொறித்திருந்த அதனைக் கழற்றி அளந்தபொழுது மானி 6 எனக் காட்டிற்று. சிறுவன் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தான். அதன் விலை ஒரு குவளைத் தேநீருக்கும் குறைவு. அதன்பொருட்டு ஒரு கணிப்பொறி முழுவதும் குப்பைக்குச் செல்லவிருந்தது.

திங்கட்கிழமை காலை முதியவர் பள்ளிக்கு வந்தார். விசையைப் போட்டு முதலில் ஊதாக் கம்பியை அளந்தார். 5 வோல்ட் நடுங்காது நின்றது. அம்மையார் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். பொறி எழுந்தது. ஆனால் திரையின் ஓரத்தில் நாள் சனவரி 1 என்றும், ஆண்டு பத்தாண்டுக்கு முந்தியது என்றும் காட்டிற்று. அம்மையாரின் முகம் வாடியது.

"இது வேறு, அம்மா. பொறிக்குள் நாழிகை காட்டும் வில்லை மின்கலம் தீர்ந்திருக்கிறது. மின்சாரம் நின்றதும் காலத்தை மறந்துவிட்டது, பட்டியலை மறக்கவில்லை," என்றார் முதியவர். காசு போன்ற அவ்வில்லையைக் கழற்றி அளந்தார். 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 2.1 இருந்தது. தம் பையிலிருந்து புதிய வில்லையை எடுத்துப் பொருத்தினார். அம்மையார் நாளையும் நேரத்தையும் திருத்தினார், பட்டியலைத் திறந்தார். பிறப்புச் சான்றுகளுடன் ஒப்புநோக்க இன்னும் 31 பெயர்கள் இருந்தன. முதல் மணி அடிக்குமுன் அவற்றுள் நான்கு முடிந்தன.